ஆயிரம் வாட்ஸ் பெட்டி

நண்பா,

இன்று காலை ஒருவர் கருகிய ஸ்பீக்கரோடும் அதை ஓட்டிய ரிசீவர் செட்டோடும் கடைக்கு வந்தார். ஸ்பீக்கரைத் திறந்ததும் உள்ளே கம்பிச்சுருள் வெந்த அந்த நாற்றம். நீ கண்ணை மூடி வருஷங்கள் ஆகியும், அதோடு நீயும் வந்து பக்கத்தில் நின்றாய். நம் கடையில் இந்த நாற்றம் அபூர்வம். செட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நாம் ஜோடி சேர்த்துக் கொடுத்த எதுவும் கருகித் திரும்பியதில்லை. இதை எவரிடமும் தலை நிமிர்ந்து சொல்வேன். இவருக்குச் சேர்த்தது வேறு யாரோ.

காயல்பட்டினத்து பாய் வீடு நினைவிருக்கிறதா? தொண்ணூறுகளின் கடைசி. துபாயிலிருந்து மகன் ஹோம் தியேட்டர் ரிசீவர் செட்டு அனுப்பியிருந்தான். அட்டைப்பெட்டியில் ‘ஆயிரம் வாட்ஸ்’ என்று கொட்டை எழுத்து. அதை நம்பி, பாய் நம்மிடம் இருந்ததிலேயே பெரிய ஸ்பீக்கர்களைக் கேட்டிருந்தார். பாதித் தெரு கூடத்தில் உட்கார்ந்திருந்தது. வந்தவர்களிடமெல்லாம் மகன் பெருமைதான்.

நீ பெட்டியைப் பார்க்கவே இல்லை. செட்டைத் திருப்பி, அது எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று பின்னால் போட்டிருந்ததைப் படித்தாய். இருநூறு வாட்ஸ். இருநூறை வாங்குவது ஆயிரத்தை எங்கிருந்து தரும்? “ஏலே, இத்தன பேர் முன்னால சொல்லித் தொலைச்சிராத” என்றேன். என்னை ஒரு முறை முறைத்தாய்.

பாயை மட்டும் வாசல் பக்கம் கூட்டிப்போய் விஷயத்தைச் சொன்னாய். அவர் முகம் தொங்கிவிட்டது. “அப்போ எம்மவன ஏமாத்திட்டானுவளா?”

“பெட்டிதான் பொய் சொல்லுது பாய். செட்டு நல்ல செட்டு. பெரிய ஸ்பீக்கர் வச்சா, சத்தம் பத்தலன்னு முழுசா திருகுவிய. செட்டு திணறிக் கத்தும், ஸ்பீக்கர் கருகிரும். கொஞ்சம் பவர்லயே நல்லாப் பேசுத ஜோடி வேன்ல கிடக்கு. கேட்டுட்டுச் சொல்லுங்க.”

சின்ன ஸ்பீக்கர்களைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். பாட்டு ஓடியதும் வாயை மூடிக்கொண்டார்கள். பாதி வால்யூம்கூடத் தேவைப்படவில்லை. பாய் துபாய்க்குப் போன் போட்டு, அதை ஸ்பீக்கர் பக்கம் நீட்டிப் பிடித்தார். “கேக்குதா மவனே? நீ அனுப்புனதுதான்.” நீ ஒயரைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாய்.

இப்போதும் எந்த செட்டு வந்தாலும் என் கை முதலில் பின்பக்கம்தான் போகிறது. காலையில் வந்தவர், தம்பி வாங்கிக் கொடுத்தது என்றார். “செட்டு நல்ல செட்டு” என்பதை முதலில் சொன்னேன், மற்றதை அப்புறம். பொருத்தமான ஜோடியை மாட்டிப் பாட்டைப் போட்டேன். அன்றைக்குப் பாய் வீட்டுக் கூடம் போலக் கடை நிறைந்தது. என்னை அறியாமல் போனை எடுத்து ஸ்பீக்கர் பக்கம் நீட்டிவிட்டேன். உனக்கு எந்த நம்பருக்குப் போடுவது என்றுதான் தெரியவில்லை.