மண் தள்ளாத ஐந்து சால்

நவம்பர் 3, திங்கள்

விதை உருளைக்கிழங்கு வெட்டியே நாள் போனது. துண்டுக்கு இரண்டு கண்ணாவது இருக்க வேண்டுமாம். என் கண் இரண்டும் எரிகின்றன, அதைக் கேட்க ஆளில்லை.

நவம்பர் 6, வியாழன்

நட்டாயிற்று. அண்ணி, அதாவது இவருடைய அக்கா, சாலில் அடியுரம் தூவிக்கொண்டே முன்னால் போனார். நான் மண்வெட்டியால் இரண்டு விரல் கனத்துக்கு மண் தள்ளி உரத்தை மூடினேன். உரம் நேராகப் பட்டால் கிழங்கு வெந்துபோகும். இவர் பின்னால் கிழங்கு வைத்துக்கொண்டு வந்தார்.

மூன்று மணிக்கு மோட்டார் நின்றுவிட்டது, இவர் அதைப் பார்க்கப் போனார். அண்ணியும் உரத்தைத் தூவி முடித்து வீட்டுக்குப் போய்விட்டார். மீதி ஐந்து சால், நான் ஒருத்தி. முதுகு விட்டுப்போனது.

மண் தள்ளவில்லை. உரத்தின் மேலேயே கிழங்கை வைத்து மூடிவிட்டேன். ஐந்து சால்தானே?

நவம்பர் 7

எழுந்திருக்க முடியவில்லை. அண்ணிதான் சமைத்தார்.

நவம்பர் 25, செவ்வாய்

வயல் முழுக்க முளைத்திருக்கிறது. அந்த ஐந்து வரிசையில் மட்டும் ஒன்றுமில்லை.

இவர் தோண்டிப் பார்த்தார். துண்டெல்லாம் கறுத்துக் கொழகொழவென்று கிடந்தன. "என்னக்கா, உரத்த அள்ளிக் கொட்டிட்டியா?" என்றார். அண்ணி ஒரு துண்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பேசாமல் கீழே வைத்தார்.

நானும் பேசவில்லை. வாயைத் திறந்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்?

நவம்பர் 27

இவர் விடுவதாக இல்லை. அக்காவுக்கு இப்போது கை அளவு தவறுகிறதாம், வயதாகிவிட்டதாம். "மகன் வீட்லயே போய் இருக்கட்டும். நான் பேசறேன்."

மகன் வீடு ஒற்றை அறை. மருமகள் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அங்கிருந்துதானே ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையோடு இங்கே வந்தார்.

சாயங்காலம் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். எங்களுடையதை எல்லாம் அடுக்கிவிட்டுத் தன் புடவைகளைத் தனியாக எடுத்து வைத்தார்.

சொல்லணும். சொன்னா இவர் கத்துவார் — கத்தட்டுமே. அதுக்குக்கூடவா எனக்குத் தெம்பு இல்ல?

நவம்பர் 28

சொல்லவில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

காலையில் இவரிடம் சொல்லிவிட்டேன். கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அதற்குக் கத்தியிருக்கலாம்.

பிறகு அடுப்படியில் அண்ணியிடம் சொன்னேன்.

"தெரியும்மா," என்றார். "கிழங்குக்கு அடியில உரம் அப்படியே ஒட்டிட்டிருந்துச்சே. நடுவுல மண்ணு இருந்தா ஒட்டுமா?"

"அப்ப ஏன் அண்ணி அவர்கிட்ட சொல்லல?"

வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தம்பி கோவிச்சுக்கிட்டா போகட்டும். உன்னக் காட்டிக்குடுத்துட்டு இந்த வீட்ல நான் எப்படிம்மா இருக்கறது?"

ஆறு வருஷம், ஒரே அடுப்படி. இத்தனை நாளும் எனக்குப் பயந்துகொண்டா இருந்தார்? வெட்கமாக இருக்கிறது. ஒரு நாளாவது நான் ஏதாவது சொல்லியிருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொல்லியிருப்பேன்.

மத்தியானம் இவர் திரும்பி வந்தார். "நீ எங்கயும் போக வேணாம்க்கா," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டிய பிறகுதான் உட்கார்ந்தார்.