தொட்டியில் பிளீச்சிங் கொட்டவிடவில்லை

இன்று காலை பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியதும் உன் கோபம்தான் ஞாபகம் வந்தது. நம் ஆஸ்பத்திரிக் கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மூட்டை இறக்கியிருந்தார்கள். நாளைக்கு ஆபீசர்கள் வருகிறார்களாம். நீ போன பிறகு இதுதான் முதல் தடவை.

இதே கூத்து முன்பும் நடந்ததே! நோயாளிகள் உடம்பிலிருந்து கழிந்து வரும் மருந்தைத் தின்கிற பாக்டீரியாவை, லேப் வேலைக்கு நடுவே நாம் இருவரும் அந்தத் தொட்டியில் மாதக்கணக்கில் வளர்த்தோம். பழைய மாத்திரை கொட்டிக் கிடந்த குழியில் இறங்கிச் சேறு அள்ளி வந்தவள் நீ. "இங்க பொழைச்சுக் கெடக்குதுன்னா, இந்த மாத்திரையத் தின்னுதான்டி பொழைச்சிருக்கும்" என்றாய். சொன்னது பலித்தது. தொட்டிக்குள் போன காய்ச்சல் மருந்து வெளியே வந்த தண்ணீரில் இல்லை.

அப்போதும் ஆபீசர் வந்தார். வாடை வரக்கூடாதென்று மேனேஜர் பிளீச்சிங்கைக் கொட்டவைத்தார். ஒரே நாளில் அத்தனையும் செத்துப்போயின. மாரண்டஹள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கிய நீ நேரே அவர் அறைக்குப் போய், "பாலுக்கு ஒறை ஊத்திட்டு யாராச்சும் அத அடுப்புல வெப்பாங்களாங்க சார்?" என்று கத்தினாய். மறுபடி குழியில் இறங்கினாய்.

அப்புறம் நீயே நம் வார்டில் வந்து படுத்தாய். உன் கடைசி மாதத்து வலி மாத்திரையும் அந்தத் தொட்டிக்குத்தான் வந்தது. நாம் வளர்த்த கூட்டம் அதையும் தின்றது. சோதித்துப் பார்த்த அன்று லேப்பில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன், போடி.

இன்று மேனேஜர், "ஒரு நாளைக்குத்தானேம்மா. வாடை வந்தா என்னையத்தான் கேப்பாங்க" என்றார். நான் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"இதக் கொட்டினா மருந்தெல்லாம் அப்படியே ஏரிக்குப் போயிருங்க. அந்தத் தண்ணிதான் தக்காளிக்குப் பாயுது. வர்ற ஆபீசருகிட்ட நானே சொல்லுவேங்க சார்."

"வேலை போயிரும், பாத்துக்க."

"போனா போவட்டுங்க."

ஆபீசரிடம் சொல்லிவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, மூட்டைகளைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னார். ஒரு மூட்டையை வண்டியில் ஏற்றி, நான் உட்கார்ந்திருந்ததற்கும் ஆள் வந்து நிற்கும்வரை நான் எழுந்திருக்கவில்லை. தொட்டி பிழைத்தது. என் வேலை பிழைக்குமா என்பது நாளைக்குத் தெரியும்.

உன் புடவைகளை உன் தங்கச்சி எடுத்துக்கொண்டாள். உன் திமிரை நான் எடுத்துக்கொண்டேன்டி. யார் வந்து கேட்டாலும் தரமாட்டேன்.