கதவின் உள்பக்கம் ஒட்டிய சட்டம்

இன்று காலை ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறந்ததும் புதுப் பசை வாடை அடித்தது. அவசர ஊழியரைத் தாக்கினால் சிறை என்று கன்னடத்தில் ஒரு ஸ்டிக்கர். எங்கே ஒட்டியிருக்கிறார்கள் தெரியுமா? கதவின் உள்பக்கம். ஸ்ட்ரெச்சரில் படுத்திருப்பவரும் நானும்தான் படிக்கலாம். அடிக்க வருகிறவன் வெளியேதானே நிற்பான்? நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

சட்டத்தை இன்னும் கடுமையாக்கப் போகிறார்களாம். சூப்பர்வைசர் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார். அவர் டீ வாங்கிக் கொடுத்ததிலேயே எனக்குச் சந்தேகம். "இனிமே பயப்படாம நெஜத்த சொல்லுங்கப்பா" என்றார்.

நாம் எங்கே சொன்னோம்? போய்ச் சேரும் முன்பே உயிர் போயிருந்தாலும் வாசலில் வாய் திறக்க மாட்டோம். சொன்னால் கூட்டம் நம் மேல் பாயும். நான் மார்பை அழுத்திக்கொண்டே ஆளை வண்டியில் ஏற்றுவேன். நடுவில் இருக்கும் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினால், ஆள் போய்விட்டார் என்று ஸ்டியரிங் பிடித்திருக்கும் உனக்குப் புரியும். ஆனாலும் சைரன் போடுவாய். ஆஸ்பத்திரியில் காவலுக்கு ஆள் உண்டு, டாக்டரே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவோம்.

ஒரே ஒரு முறை நீ பொறுக்க முடியாமல் இறங்கிப் போய் ஒரு மகனின் தோளைத் தொட்டு, "அம்மா போயிட்டாங்க சார்" என்றாய். விழுந்த அடியில் உன் இடது காது அன்றோடு போயிற்று. அப்போதும் சட்டம் இருக்கத்தான் இருந்தது. போலீஸ் ஸ்டேஷனில், "துக்கத்துல பண்ணிட்டாங்க, கேஸ் வேணாம், ராஜி ஆயிடுங்க" என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, "சட்டம் இருக்கு மச்சான், அடி வாங்கறப்ப எங்க இருக்குன்னுதான் தெரியல" என்றாய்.

போன மாதம் ஜீவனஹள்ளியில் உன் வீட்டிலிருந்தே அழைப்பு வந்தது. தொட்டவுடனே தெரிந்துவிட்டது, நீ சில்லிட்டிருந்தாய். சுற்றிலும் உன் மச்சினர்களும் அக்கம்பக்கத்தாரும். எத்தனையோ முறை சாப்பிட்ட வீடு. அங்கேயும் நான், எது ஓங்குமோ என்று ஒவ்வொருவர் கையையும் பார்த்தேன். முட்டி போட்டு உன் மார்பை அழுத்தினேன். "தூக்குங்க, தூக்குங்க" என்று கத்தினேன்.

உன் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, அவரு எல்லாம் சொல்லியிருக்காரு. இந்த வீட்ல உங்கள யாரும் அடிக்க மாட்டாங்க. நெஜத்த சொல்லுங்க."

சொன்னேன். சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இன்று மத்தியானம் சந்தாபுராவில் ஒரு பெரியவர். நாங்கள் போவதற்குள் போய்விட்டிருந்தார். அவர் மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். வாசலில் கூட்டம் நெருங்கி வந்தது. நீ இல்லாமல் எனக்குப் பயமாக இருந்தது. மார்பை அழுத்திக்கொண்டே ஏற்றினேன். கதவைச் சாத்தினேன், அந்த ஸ்டிக்கர் என் முகத்துக்கு நேரே வந்தது. கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினேன்.

புது டிரைவருக்குப் புரியவில்லை. "என்ன சார்?" என்று திரும்பினார்.

"ஒண்ணுமில்ல, சைரன் போடுங்க" என்றேன்.