சாம்பல் போடாத பாத்தி

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டாலே சண்டைக்கு வருகிறது. நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பத்தானே முடியும், பக்கத்திலா இருக்கிறாய். நம் தோட்டத்துக் கீரையின் சோதனை முடிவு ஆபீஸ் வழியாக உனக்கு வந்திருக்கும். அந்தத் தாளில் இல்லாததை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

போன பருவத்தில் நடந்ததை இன்னும் நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன். அணுமின் நிலைய விபத்துக்குப் பிறகு இந்தத் தெருவில் எல்லாரும் வெளியூரிலிருந்து வேனில் வரும் காய்தான் வாங்குகிறோம், சொந்த மண்ணில் முளைத்ததை வாயில் வைத்தவர் இல்லை. அந்த மண்ணில், கதிர்வீச்சை உறிஞ்சாதபடி நீ உருவாக்கிய கீரை விதையைப் பாதியும் கடை விதையைப் பாதியுமாக விதைத்தோம். உன் பாதியில் கதிர்வீச்சு ஏறவே இல்லை என்று முடிவு வந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு நம் பேக்கரிக்கு வந்தவர்களுக்கெல்லாம் இனிப்பு பன் இலவசம். நீ மட்டும் போனில் சந்தோஷப்படவே இல்லை. இவ்வளவு நன்றாக வர வாய்ப்பில்லை, யாராவது செடிக்கு எதையாவது போட்டீர்களா என்று கேட்டாய். ஊரே கொண்டாடும்போது இவள் ஏன் இப்படி நொட்டை சொல்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. திரும்பிப் பார்த்தால் அப்பா தலையைத் தூக்காமல் மாவைப் பிசைந்துகொண்டே இருக்கிறார். அதட்டிக் கேட்டதும், "அடுப்புச் சாம்பலைக் கொஞ்சம் தூவினேன். நம்ம பிள்ளையோட செடியாச்சே, பட்டினியாவா போடறது" என்றார். உன் பாதிக்கு மட்டும் தூவியிருக்கிறார். கடை விதையெல்லாம் அவருக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளை போலிருக்கிறது.

சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது, அதில் வயிறு நிறைந்த செடி, விபத்தில் மண்ணில் படிந்த அந்தச் சீசியம் என்கிற கதிர்வீச்சுப் பொருளை அவ்வளவாக எடுக்காது, ஆகவே பாஸானது சாம்பல், விதை இல்லை என்று நீ விளக்கினாய். அதோடு விட்டாயா, நம் தோட்டத்து முடிவைக் கணக்கில் சேர்க்காதீர்கள் என்று நீயே மேலிடத்துக்கு எழுதிவிட்டாய். ரகம் வெளிவருவது ஒரு பருவம் தள்ளிப் போகும், திரும்ப விதைத்துச் சரியாக வரவில்லையென்றால் மொத்தமாகக் கைவிட்டுவிடுவார்கள் என்று தெரிந்தும் எழுதினாய். எத்தனை வருஷத்து உழைப்பு, கமுக்கமாக இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அன்றைக்கே எனக்கு மனசு நிறைந்துவிட்டது, என் மகள் என்று நினைக்கவே கர்வமாக இருந்தது. அப்பாவிடம் இதைக் காட்டிக்கொள்ளவில்லை, மனுஷன் ஏற்கெனவே பாதியாகியிருந்தார்.

இந்த முறை சாம்பல் படாத வேறு பாத்தி. அப்பா சாம்பலையெல்லாம் டிரம்மில் கொட்டி, பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார், தன் மேலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை. உன் செடிகள் கொஞ்சம் ஒல்லியாகத்தான் வந்தன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தினமும் பாத்தி ஓரமாக நின்று பார்ப்பார், பெருமூச்சு விடுவார், போய்விடுவார். நேற்று சோதனைக்கூடத்துப் பெண் தாளோடு நேரே கடைக்கே வந்துவிட்டாள். போன தடவை போல அத்தனை குறைவு இல்லை, ஆனால் சாப்பிடலாம் என்கிற அளவுக்கு நன்றாகக் கீழே. பக்கத்து வரிசைக் கடை விதை அந்த அளவைத் தாண்டிப் போயிருக்கிறது. "இது முழுக்க விதையோட வேலைதாம்மா" என்றாள். வரிசையில் நின்றவர்கள் இந்தத் தடவை பன் கிடையாதா என்று கேட்க, காய்ச்சலிலும் கடை திறக்கிற உன் அப்பா ஷட்டரை இழுத்து மூடிவிட்டு என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக நம் தோட்டத்தில் கீரை பறித்தேன். சின்ன வயதில் நீ வெங்காயம், மிளகாய் என்று பிடிக்காததையெல்லாம் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்குவாய், எத்தனை திட்டியிருக்கிறேன். இப்போது ஒரு செடிக்கே அந்த வித்தையைப் பழக்கிவிட்டாய். அந்தப் பரபரப்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டேன். அப்பா அதையும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அவர் தட்டோரத்தில் ஓர் இலைகூட ஒதுங்கியிருக்கவில்லை.

நீ எடுத்த காரியமெல்லாம் இப்படியே நேர்மையாக ஜெயிக்கட்டும், நீண்ட ஆயுளோடு நல்லா இரு கண்ணு. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அடுத்த விதைப் பொட்டலத்தின் மேல் அப்பா பெயரைப் போட்டு, இரண்டு வார்த்தை ஆறுதலாக எழுது, அவர் கேட்க மாட்டார், ஆனால் எதிர்பார்ப்பார். லீவு கிடைத்ததும் வா. வேன் காய் வேண்டாம், நம் மண்ணிலிருந்தே பறித்துச் சமைத்துப் போடுகிறேன். உப்பு சரியாகப் போடுவேன்.

உன் வருகைக்காக வாசலையே பார்த்திருக்கும்
அம்மா