தடைக்காலத்து லோக்கோ

செப்டம்பர் 9

கடல் சில்லென்று கிடக்கிறது. நல்லது, லோக்கோ நத்தைக்குக் குளிர்தான் சோறு. மீனவர் சங்கத்துப் பாறைகளை ஐந்து வருஷமாகக் காக்கிறோம். அக்டோபரில் அதிகாரிகள் நத்தைகளை எண்ண வருவார்கள்; அதுவரை தொடத் தடை. போதுமான நத்தை இருந்தால் எடுக்க அனுமதி, இல்லாவிட்டால் பாறைகள் கைவிட்டுப் போகும். போகாது. தலைவி நான் இருக்கிறேன்.

செப்டம்பர் 13

வடக்கேயிருந்து திருட்டுப் படகு ஒன்று வந்தது. கத்தியே விரட்டிவிட்டோம். "நெல்டா தொண்டை இருக்கப்ப நமக்கு சங்கு எதுக்கு" என்று சங்கத்து ருபிலார் கிண்டல் செய்தான். இருக்கட்டும்.

செப்டம்பர் 17

நாளை சிலி நாட்டுக்கே தேசியத் திருநாள். தம்பி எலிசேயோ வீட்டைத் தாண்டும்போது கொல்லையில் தொம், தொம். அந்தச் சத்தத்துக்கு இந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். பழைய டயருக்குள் போட்டுத் தரையில் அடித்தால்தான் லோக்கோ கறி மெத்தென்று ஆகும். எட்டிப் பார்த்தேன். ஓடுகள் குவிந்து கிடந்தன. வேலியே பயிரை மேய்கிறது.

"திருநாளும் அதுவுமா லோக்கோ இல்லாம எப்படிக்கா? ஒரு சாக்குதான். நீ சொல்லாட்டி யாருக்குத் தெரியும்?"

"ஊருக்கே கேக்குதுடா, மடையா."

செப்டம்பர் 18

விருந்துக்குப் போகவில்லை. அழுதேன். கடலில் மூழ்கி எடுப்பவன் அவன். படகில் நின்று அவனுடைய காற்றுக் குழாயைப் பிடிப்பவள் நான். அவன் இறங்காவிட்டால் எனக்கும் பங்கில்லை. என்னடி செய்யப் போற, நெல்டா?

செப்டம்பர் 21

கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். விதிப்படி ஒரு வருஷம் அவன் மூழ்கக் கூடாது.

"சொந்தத் தம்பியாச்சே, கண்டிச்சு விட்ருவோம்" என்றான் ருபிலார்.

விட்டால் நாளைக்கு வீட்டுக்கு வீடு டயர் அதிரும். தடைக்கு ஓட்டெடுத்தபோது முதலில் தூக்கிய கை என்னுடையது. "நீயெல்லாம் ஒரு அக்காவா" என்று கேட்டுவிட்டு எலிசேயோ வெளியே போனான்.

செய்தது சரிதான். சரிதானே?

அக்டோபர் 6

பேச்சில்லை. அவன் நாய் மட்டும் வந்து போகிறது.

அக்டோபர் 20

எண்ணி முடித்தார்கள். பாறைகள் எங்களுடையவை. அனுமதியும் கிடைத்துவிட்டது. சொன்னேனே, போகாது என்று. சந்தோஷத்தில் யாரிடம் ஓடுவது என்றுதான் தெரியவில்லை.

நவம்பர் 11

எல்லோரும் நத்தை எடுக்கப் போனார்கள். எங்கள் படகு மட்டும் மணலில் குப்புறக் கிடந்தது. மதியம் கரையில் நத்தைகளை அளந்துகொண்டிருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு எலிசேயோ வந்தான். ருபிலார் கையிலிருந்த லோக்கோவைப் பிடுங்கினான்.

"அளவு பத்தல. திரும்பக் கடல்ல விடணும்."

"தடையில இருக்கவனுக்கு என்னடா நாட்டாமை?"

"முங்கத்தான் தடை. அடுத்த வருஷம் நான் முங்குறப்ப இது அங்க இருக்கணும்ல."

சிறிய நத்தைகளாகப் பொறுக்கிக் கூடையை நிரப்பினான். கனமாக இருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நின்னு வேடிக்கை பாக்காத. ஒரு பக்கம் புடி."

பிடித்தேன்.