ஜெனிபரின் மட்டையில் எண்ணெய்

செவ்வாய், இரவு

புதிதாகச் சேரும் பிள்ளையின் ஹாக்கி மட்டைப் பிடியில் சீனியர்கள் எண்ணெய் தடவுவது எங்கள் அணியின் வழக்கம். போன வருஷம் எனக்கும் தடவினார்கள். இன்று என் முறை. ஜெனிபரின் மட்டையில் தாராளமாகத் தடவி வைத்தேன். மாவட்டத் தேர்வு இன்றைக்கே நடக்கும் என்று பி.டி. மேடம் சொல்லவே இல்லை.

மாவட்ட அணிக்கு ஒரே ஓர் இடம். ஜெனிபரா, பாத்திமாவா என்று ஆளுக்கு மூன்று பெனால்டி அடிக்க வைத்தார். பாத்திமா மூன்றும் கோல். ஜெனிபரின் மட்டை மூன்று முறையும் கையிலேயே சுழன்றது.

"கேப்டன், நீ சொல்லுடி. யார அனுப்ப?"

"பாத்திமா நல்லா அடிச்சா மேடம். நீங்களே பாத்தீகல்ல."

"ஜெனிபருக்கு என்னாச்சு? நேத்து வரைக்கும் நல்லாத்தானே அடிச்சா."

"பயந்துருப்பா மேடம்."

எண்ணெய் தடவியது நான், வழுக்கி விழுந்தது அவள். என் வாய் மட்டும் வழுக்கி உண்மையைச் சொல்லவில்லை.

குன்றக்குடி பஸ் ஏறும்முன் ஜெனிபர் என்னிடம் வந்தாள். "அக்கா, எனக்குக் கை ரொம்ப வேர்க்குது போல. இனிமே வரலக்கா. இத ஸ்கூல்ல குடுத்துருங்க," என்று மட்டையை நீட்டினாள்.

இப்போது அது என் கட்டிலோரம் சாய்ந்திருக்கிறது. துடைக்கத் துணி எடுத்தேன். துடைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. துணியைக் கீழே போட்டுவிட்டேன்.

காலை எட்டு மணிக்குப் பாத்திமாவின் பெயர் மாவட்ட அணிக்குப் போய்விடும். ஏழுக்கே மேடம் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். கேப்டன் பதவி போகும். அப்பாவுக்கும் போன் வரும். அதற்குமேல் யோசித்தால் கை வேர்க்கிறது, எனக்கு நிஜமாகவே.