திரையில் நின்ற பெயர்

என்னங்க, உங்களைத்தான்,

நீங்கள் போய் ஒன்பது மாதம் ஆகிறது. எனக்கு அழுகை வருவதில்லை. பசியும் அவ்வளவாக இல்லை. வேளைக்குச் சாப்பிட்டுவிடுகிறேன், விழுப்புரத்திலிருந்து நம் செல்வி தினமும் போன் பண்ணிக் கேட்கிறாள், அவளுக்குப் பதில் சொல்ல வேண்டுமே.

நம் கம்ப்யூட்டரைச் சரி பண்ணிவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் இருந்தபோதே அது மெதுவாகத்தான் கிளம்பும். அப்புறம் இன்னும் மோசம். காலையில் பட்டனை அழுத்தினால் திரையில் உங்கள் பெயர் வந்து நிற்கும். கீழே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் விளக்கேற்றி, பூ வைத்து, கற்பூரம் காட்டிவிட்டு வந்தாலும் பெயர் அப்படியே இருக்கும். பதினோரு நிமிடம். கணக்கு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன்.

விழுப்புரத்தில் பர்வீன் என்றொரு பெண் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள். ஒருநாள் பெட்டியை அவளிடம் எடுத்துப் போனேன். "மெமரி பத்தலக்கா. பழசைக் கழட்டிப்புட்டு புதுசு போட்டா ஜல்தியா ஓடும்" என்றாள்.

மெமரி என்றால் ஞாபகம் என்பதுவரை நானாகப் படித்துத் தெரிந்துகொண்டவள். உங்கள் குரல் அதற்குள்தானே இருக்கிறது? செல்வியோடு பேச மைக் வாங்கிவந்து, "அலோ, அலோ, கேக்குதா?" என்று பதிவு பண்ணிப் பார்த்தீர்களே, அது. கடைசிவரை பட்டன் போனை விடாதவர் நீங்கள். வேறு எதிலும் உங்கள் குரல் இல்லை. "ஒண்ணும் வேணாம்மா" என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறிவிட்டேன்.

போன வாரம் அந்தப் பதிவைப் போட்டேன். "அலோ" என்றதோடு நின்றுவிட்டது. மறுபடி போட்டேன். அதற்குமேல் வரவில்லை. மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். துணைக்குச் செல்வியும் கடைக்கு வந்தாள்.

"பழசுல எங்க வூட்டுக்காரர் கொரல் இருக்குது. கழட்டினா அது போயிடுமா?" என்று கேட்டேன்.

பர்வீன் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "பேருதான் மெமரிக்கா. இது உங்க சமையல் மேடை மாதிரி. சின்ன மேடையில நாலு பாத்திரத்த வெச்சிக்கினு திண்டாடுவீங்க இல்ல? சாமானெல்லாம் அலமாரியில கீது. மேடையப் பெருசாக்கினா, அலமாரியில கீற மல்லாட்டை டப்பா எங்கக்கா ஓடிப்போவும்?"

"இதுக்காம்மா மாசக்கணக்கா பேஜார் பட்டுக்கினு இருந்த?" என்றாள் செல்வி.

விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை. பழசைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் புதுசைப் போட்டாள் பர்வீன். கரண்டை நிறுத்தினால் அதில் எதுவும் தங்காதாம்.

வீட்டுக்கு வந்து பதிவைப் போட்டேன். முழுசாக ஓடியது. "அலோ, அலோ, கேக்குதா?" அதற்குப் பின்னால் அடுக்களையிலிருந்து நான்: "கேக்குதுங்க, தெருவுக்கே கேக்குது." நான் அதில் இருப்பதே எனக்கு மறந்திருந்தது.

மறுநாள் காலை பட்டனை அழுத்திவிட்டு விளக்கேற்றப் போனேன். தீப்பெட்டியை எடுத்துத் திரும்புவதற்குள் உங்கள் பெயர் வந்து போய்விட்டிருந்தது. அணைத்து மறுபடி போட்டேன். கண்ணை மூடித் திறக்கும் நேரம்தான். நோட்டில் எழுத நிமிடமே இல்லை. குரலுக்குப் பயந்தேனே, பெயரை நினைக்கவில்லையே.

உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. மயிலம் முருகன் கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டால் செல்விதான் சொல்வாள். சாமிக்கும் அதே பெயர் என்பதால் அவரைக்கூட அப்படிக் கூப்பிடாமல் 'ஆறுமுகா' என்றே கூப்பிட்டுப் பழகினேன். "சாமி பேரையே மாத்திப்புட்டியேடி" என்று கிண்டல் பண்ணுவீர்கள்.

இனி அந்தப் பெயரை யார் எனக்காக நிறுத்தி வைப்பார்கள்?

நாளையிலிருந்து விளக்கேற்றும்போது நானே வாய்விட்டுச் சொல்கிறேன். தினமும் சொல்கிறேன். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
சண்முகம் சம்சாரம்